சொல்லும் பொருளும்: மார்ட்கேஜ்

‘‘வங்கிக் கடன் பத்திரத்தில் ‘மார்ட்கேஜ்’ என்று இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்? கடனைக் கட்டி முடித்தால் அது தானாக நீங்கிவிடுமா?’’

- வாசகர், மணப்பாறை.

‘மார்ட்கேஜ்’ என்றால் அடமானம். எழுத்தில் ‘ட்’ இருந்தாலும், ‘மார்கேஜ்’ என்றுதான் உச்சரிக்க வேண்டும். பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். ‘மோர்’ என்றால் செத்த. ‘காஜ்’ என்றால் ஈடு. ‘கடனைக் கட்டாவிட்டால், வாங்கியவருக்கு நிலம் செத்துப்போகும். கட்டிவிட்டால், கொடுத்தவருக்கு ஈடு செத்துப்போகும்’ என்று இதற்கு விளக்கம் தந்தவர், 17-ம் நூற்றாண்டில் வாழ்ந்த இங்கிலாந்து சட்ட அறிஞர் எட்வர்ட் கோக்.

நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துக்குத்தான் இந்தச் சொல். நகையை வைத்தால் ‘ப்ளெட்ஜ்’. டிராக்டர் கடனுக்கு ஆர்.சி புத்தகத்தில் ‘ஹைப்பாதிகேஷன்’ என்று இருக்கும்.

அடமானத்தைப் பதிவு செய்திருந்தால், கடன் அடைந்தாலும் வில்லங்கச் சான்றில் அது அப்படியே நிற்கும். வங்கியிடம் ரசீது பத்திரம் பெற்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பிறகு, புதிதாக வில்லங்கச் சான்று போட்டுச் சரிபாருங்கள். இல்லையென்றால், நிலத்தை விற்கும்போதோ, பாகம் பிரிக்கும்போதோ சிக்கல் வரும்.

கடன் முழுவதும் அடைந்த 30 நாள்களுக்குள் மூலப்பத்திரத்தை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. கேட்டுப் பெறுங்கள்.