காசு சொல்லும் கதை

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று நேர்மை. முதலாவது இருக்கும் இடத்தில் இரண்டாவதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோஸின் பழைய காசே இதற்குச் சாட்சி.

21 மைல் நீளமும் 14 மைல் அகலமும் கொண்ட சின்னஞ்சிறு தீவு அது. 1627-ல் ஆங்கிலேயர் அங்கே குடியேறினர். சில ஆண்டுகளில் தீவெங்கும் கரும்புத் தோட்டங்கள் பரவின. அங்கே பாடுபட ஆப்பிரிக்க மக்களைக் கப்பல்களில் அடைத்துக் கொண்டுவந்து, ஆடுமாடுகளைப் போல் விலை பேசி விற்றார்கள்.

1788-ல் அத்தீவில் ஒரு செப்புக் காசு வெளிவந்தது. ஒரு புறம் அன்னாசிப் பழம். மறுபுறம் ஆப்பிரிக்க அடிமையின் தலை. அந்தத் தலையின் மேல் வேல்ஸ் இளவரசரின் இறகுக் கிரீடம்! அடியில், "நான் ஊழியம் செய்கிறேன்" என்னும் இளவரசரின் விருது வாசகம். இளவரசருக்கு அது அலங்காரம், அடிமைக்கோ தலைவிதி. இதைவிடக் கொடிய கேலி உண்டா? 1792-ல் வந்த காசில் அன்னாசி போய், சூலம் ஏந்திக் கடல் தேரில் பவனி வரும் ஆங்கில மன்னர் இடம்பெற்றார். அடிமையின் தலை மட்டும் மாறவில்லை.

1834-ல் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் தன் குடியேற்ற நாடுகளுக்கென 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளுக்கு அல்ல, எஜமானர்களுக்கு!

1966 நவம்பர் 30-ல் பார்படோஸ் சுதந்திரம் பெற்றது. 1973-ல் சொந்தக் காசுகளை வெளியிட்டது. அன்று பிரிட்டிஷ் ராணியே அந்நாட்டின் தலைவி. ஆனாலும் அந்தக் காசுகளில் அவர் முகம் இல்லை; நாட்டின் சின்னமே இருந்தது. அதன் உச்சியில், இரண்டு கரும்புகளைக் குறுக்காகப் பற்றி உயர்ந்து நிற்கிறது பார்படோஸ் உழைப்பாளியின் கை. "பெருமையும் உழைப்பும்" என்பது வாசகம். ஒரு சென்ட் காசின் மறுபுறம் முறிந்த சூலம். அந்நிய ஆட்சி ஒழிந்ததன் அடையாளம். நாடு குடியரசானது 2021-ல்தான். காசு அதற்கு 48 ஆண்டுகள் முன்பே குடியரசாகிவிட்டது!

கரும்பு அதே கரும்புதான்; கையும் அதே கைதான். உரிமைதான் மாறியது. உழைப்பு ஒருநாளும் இழிவல்ல. அதன் பலன் யாருக்கு என்பதே கேள்வி.

பார்படோஸ் உள்ளிட்ட கரீபிய நாடுகள், அடிமை முறைக்கு ஈடு கோர 2013-ல் கூட்டு ஆணையம் அமைத்தன. எஜமானர்களுக்கு அன்று கோடிக்கணக்கில் அளந்த கை, உழைத்தவர்களின் சந்ததிக்குக் கணக்குத் தீர்க்கத் தயங்கலாமா? அந்தக் கடன் தீரும் நாளில்தான் நாணயம் என்ற சொல்லின் இரண்டாவது பொருளும் நிறைவேறும்.