பித்தளையில் வார்த்த பொய்

அமெரிக்காவில் பொழுதுபோக்காகச் சுடுபவர்களிடையே கருமருந்து ரிவால்வர் என்றொரு மோகம் உண்டு. உள்நாட்டுப் போர்க்காலத்துத் (1861-65) துப்பாக்கிகளின் புது நகல்கள். தோட்டா கிடையாது. சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் மருந்தை அளந்து கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி, பின்னால் பொட்டு வெடி மாதிரி ஒரு சின்னக் கேப்பை மாட்ட வேண்டும். 1968-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் இவற்றைத் துப்பாக்கியாகவே கணக்கில் எடுப்பதில்லை. அதனால் பல மாநிலங்களில் சுலபமாக வாங்கிவிடலாம். நம்மூரில் இந்தக் கதையெல்லாம் நடக்காது, விடுங்கள்.

என் சண்டை வேறு. புதுசாக வாங்க வருகிறவன் கையில் விலை மலிவு என்று திணிக்கப்படுவது, பித்தளை பிரேம் போட்ட 44 காலிபர் '1851 நேவி'. பளபளவென்று இருக்கும். வரலாறு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் அப்படி ஒரு துப்பாக்கியைக் கோல்ட் கம்பெனி செய்யவே இல்லை. அசல் நேவி 36 காலிபர். 44 என்பது 'ஆர்மி' துப்பாக்கிகளின் அளவு. அசலில் பிரேம் இரும்பு; விசைக்காப்பும் பிடியின் பட்டையும்தான் பித்தளை. போரில் இரும்புக்குத் தவித்த தெற்கத்திப் பட்டறைகள் சில பித்தளை பிரேம் வார்த்தது உண்மை. கிரிஸ்வோல்டு துப்பாக்கி அப்படி வந்ததுதான். அதுவும் 36-தான்! ஆக, இந்த 44 பித்தளைக்குத் தாத்தாவே கிடையாது.

"சுட்டால் போதாதா, சரித்திரம் எதுக்கு?" என்பார்கள். சரி, சுடுங்கள். கோல்ட் வடிவத்தில் சிலிண்டருக்கு மேலே பாலம் இல்லை, திறந்த கூரை. மருந்தைக் கூட்டிப் போட்டுச் சுடச் சுட, சிலிண்டர் பின்னால் மோதி மெத்தென்ற பித்தளையில் வளையமாகத் தடம் பதிக்கும். நடுத்தண்டு தளரும். அதற்குப் பயந்து மருந்தைக் குறைத்துப் போட வேண்டும். பிறகு எதற்கு ஐயா 44?

சுடுவது மட்டும்தான் ஆசை என்றால் ரெமிங்டன் வாங்கலாம். மேலே பாலம் உண்டு, உறுதியானது. கரி படிந்தால் சிலிண்டர் சீக்கிரம் இறுகும், அது ஒரு தொல்லை. பெயரிலும் கோளாறு: '1858' என்பது குழலில் பொறித்த காப்புரிமைத் தேதி, துப்பாக்கி வந்ததோ 1863-இல். ஆனாலும் பொய் பெயரோடு நின்றுவிட்டது, உலோகத்துக்குள் போகவில்லை.

சினிமாக்காரனை நான் மன்னிப்பேன். 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) கதை 1862-இல் நடக்கிறது. ஈஸ்ட்வுட் கையில் இருக்கும் நேவியோ உலோகத் தோட்டா போடும்படி மாற்றப்பட்டது. அந்த மாற்றமெல்லாம் போருக்குப் பிறகு வந்தது. லியோனே கனவு எடுத்தார், கனவுக்கு ரசீது கேட்க முடியாது. கடைக்காரன் ரசீது போட்டு விற்கிறானே!

செய்யத் தெரியாமல் செய்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. இத்தாலியின் கார்டோனே வால் துரோம்பியா, நூற்றாண்டுகளாகத் துப்பாக்கி செய்யும் ஊர். அங்குள்ள உபெர்ட்டியும் அருகே குஸ்ஸாகோவில் உள்ள பியெட்டாவும் எஃகு பிரேம் போட்ட 36 நேவியையும் செய்கின்றன. பித்தளை 44-ஐ வாங்க ஆள் இருப்பதால் அதுவும் வருகிறது. சரித்திரக் கதை எழுதுகிற நம்மாட்களுக்கும் இந்த வியாபாரம் பழக்கமானதுதானே?

காசு கொஞ்சம் கூடினாலும் எஃகு 36-ஐ வாங்கச் சொல்லுங்கள். கருமருந்து மட்டும், நவீனப் புகையில்லா மருந்து போட்டால் கையிலேயே சிதறும். சுட்ட அன்றைக்கே சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவ வேண்டும். பித்தளை வாங்கியவனுக்கும் அந்த வேலை மிச்சமில்லை. அவன் குழலும் எஃகுதான்.