குழுவை விட்டுப் போக வேண்டியது யார்?

என் கைத்தொலைபேசியில் இப்போது பதினொரு வட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. வகுப்புக்கு ஒன்று, டியூஷனுக்கு மூன்று, தமிழ் மன்றத்துக்கு ஒன்று, உம்மா வழிச் சொந்தங்களுக்கு ஒன்று, வாப்பா வழிக்கு இன்னொன்று. மிகுதி நான்கும் எதற்கென்று எனக்கே ஞாபகமில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்களும் குறிப்புகளும் இப்படியான குழுக்களின் வழியாகத்தான் வீடுகளுக்கு வந்தன. பாடசாலைகள் திறந்த பிறகும் குழுக்கள் போகவில்லை. இன்று குழுவில் இல்லாத பிள்ளைக்கு நாளைய வகுப்பு நேரம் மாறியதுகூடத் தெரியாது. ஆகவே அங்கே தொல்லை கொடுப்பவர்களை யார், எப்படிக் கையாள்வது என்பது சின்ன விடயமல்ல.

தொல்லை எல்லாம் ஒரே தரமும் அல்ல. வெள்ளிக்கிழமை விடிந்ததும் குவியும் ஜும்ஆ முபாரக் அட்டைகளாலும், ரோசாப்பூவோடு வரும் காலை வாழ்த்துகளாலும் பெரிய கேடில்லை. ஆனாலும் எங்கள் குடும்பக் குழுவில் ஒருமுறை ஜனாஸா அறிவித்தல் ஒன்று பூப்படங்களுக்கு அடியில் போய்விட்டது. அடக்கம் முடிந்த பிறகுதான் மாமி அதைக் கண்டார். அனுப்புகிறவர்கள் நம் பெரியவர்கள். நாலு பேர் முன்னிலையில் அவர்களைக் கண்டிப்பது முறையல்ல, பயனும் இல்லை. என் ராத்தா வாழ்த்துகளுக்கென்றே தனியாக ஒரு குழுவைத் தொடங்கிக் கொடுத்தார். இப்போது அந்தக் குழுதான் கலகலப்பாக இருக்கிறது.

"பண்டிகைக்கு 50 ஜிபி இலவசம், இருபது பேருக்கு அனுப்புங்கள்" என்று வருவது வேறு இனம். இதற்கு உலகம் வைத்த பெயர் ஸ்பாம். அது 1937இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த தகரத்தில் அடைத்த பன்றி இறைச்சியின் பெயர் என்பதை அறிந்த நாளிலிருந்து எங்கள் வகுப்பில் யாரும் அந்தச் சொல்லை முகம் சுளிக்காமல் சொல்வதில்லை! 1970இல் மொன்டி பைத்தன் என்ற பிரித்தானிய நகைச்சுவைக் குழு, ஓர் உணவகத்தில் எதைக் கேட்டாலும் அந்த இறைச்சியே வந்து நிற்பதாக ஒரு நாடகம் போட்டது. அதிலிருந்துதான் வேண்டாத செய்திகளுக்கு இந்தப் பெயர் வந்தது. பெயர் வருவதற்கு முன்பே தொழில் தொடங்கிவிட்டது. 1978 மே மாதம் கேரி துர்க் என்ற கணினி விற்பனையாளர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். கண்டனமும் வந்தது, கணினிகளும் விற்றன. இந்தத் தொழில் ஏன் இன்னும் நடக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இத்தகைய செய்திக்குப் பதில் எழுதுவதும் ஏசுவதும் வீண். மறுமுனையில் கேட்க ஆளில்லை. அட்மின் அந்தச் செய்தியை எல்லோருக்குமாக அழித்து, இலக்கத்தை நீக்கி, குழுவில் சேரும் இணைப்பையும் மாற்றிவிட வேண்டும். இணைப்பை மாற்றாமல் இலக்கத்தை மட்டும் நீக்குவது, படலையைத் திறந்து வைத்துவிட்டு முற்றத்துக் கோழியை விரட்டுவது போல. ஆனால் தெரிந்த சிநேகிதியின் இலக்கத்திலிருந்து திடீரென்று பணமோ, ஆறு எண்கள் கொண்ட குறியீடோ கேட்டுச் செய்தி வந்தால் அவளைத் திட்டாதீர்கள். அவளுடைய கணக்கு திருட்டுப் போயிருக்கக் கூடும். சாதாரண அழைப்பு எடுத்து அவளிடமே கேளுங்கள்.

வதந்தி பரப்புகிறவர் விடயத்தில் எனக்கு இந்தப் பொறுமை இல்லை. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகக் கதை கட்டினார்கள். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக் கட்டி என்று தெரிந்தது. மார்ச்சில் திகன எரிந்தது. அரசாங்கம் சில நாட்களுக்குச் சமூக ஊடகங்களையே முடக்கியது. அந்த வன்முறையில் தனது தளம் தவறாகப் பயன்பட்டதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. இவ்வளவையும் அனுபவித்த நம் குழுக்களிலேயே, வேறொரு சமூகத்தைப் பற்றிய ஊர்பேர் தெரியாத குரல்பதிவு வந்தால் "எனக்கும் வந்தது, அனுப்பினேன்" என்கிறார்கள். இங்கே மட்டும் எல்லோர் முன்னிலையிலும் "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்கத்தான் வேண்டும். ஏனென்றால் வாசித்தவர்களும் எல்லோரும்தான்.

இனி நான் எழுத வந்த விடயம்.

ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் கலந்திருக்கும் டியூஷன் குழுவில் ஒவ்வொருவருடைய இலக்கமும் மற்ற எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒரு குழுவிலிருந்து இலக்கங்களை எடுத்து ஒருவன் இரவு பதினொரு மணிக்கு "ஹாய் சிஸ்டர்" என்று தொடங்கினான். பதில் வராவிட்டால் சுயவிபரப் படத்தை எடுத்துத் திருப்பி அனுப்பினான். என்னோடு படிக்கும் நான்கு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். அவன் குழுவில் இருந்தான். குறிப்புகளும் அவனுக்கே கிடைத்தன. அட்மினிடம் சொன்னபோது, "புளொக் பண்ணுங்க பிள்ள, ஏன் பெரிசாக்குறீங்க?" என்றார். அவர்களில் ஒருத்தி வீட்டில் சொன்னாள். அன்றிரவே அவளுடைய போன் அலுமாரிக்குள் போனது.

உம்மாமார், வாப்பாமார் பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் முறையிட்டதற்குக் கிடைத்தது தண்டனை என்றால் அந்தப் பிள்ளை இரண்டாம் முறை வாய் திறக்கமாட்டாள். அதைவிடப் பெரிய தொல்லை வந்தாலும் திறக்கமாட்டாள். இப்படிப்பட்டவர்கள் நம்பியிருப்பதும் அந்த மௌனத்தைத்தான். போனைப் பறிப்பதற்கு முன், வந்த செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். அதன் பிறகு முறைப்பாடு செய்து புளொக் பண்ணுங்கள். மிரட்டல் என்றால் 1929க்கு அழையுங்கள். அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. அது கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்ற எதிர்ப்பும் கூடவே வந்தது. அந்த வாதம் முடிகிற வரை எங்களால் காத்திருக்க முடியாது. சட்டத்தை விட அட்மின் பக்கத்தில் இருக்கிறார்.

"அவனுக்கும் படிப்பு முக்கியம்தானே" என்று கேட்டார்கள். முக்கியம்தான். குறிப்பை அவனுக்குத் தனியாக அனுப்பலாம். அதற்காக நாற்பது பிள்ளைகளின் இலக்கங்கள் அவன் கையில் இருக்க வேண்டியதில்லை. அறிவித்தல் மட்டும் போதுமென்றால் வட்ஸ்அப் சனல் இருக்கிறது. அதில் பின்தொடர்பவர் ஒருவரின் இலக்கம் மற்றவர்களுக்குத் தெரியாது.

கடைசியில் நால்வரில் ஒருத்தியின் உம்மா ஸ்கிரீன்ஷொட்டுகளோடு நேரே வகுப்புக்குப் போனார். அன்றே அவனுடைய இலக்கம் நீக்கப்பட்டது. சேர் இப்போது குறிப்புகளைச் சனலில் போடுகிறார். மூன்று பேர் திரும்பி வந்துவிட்டார்கள். நாலாமவளின் போன் இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது. அவளுக்கான குறிப்புகளை ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் பிரதி எடுத்துக்கொண்டு போகிறேன்.