ரிப்போர்ட் சரியாகிவிட்டது... மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: "எனக்கு 47 வயது. மூன்று ஏக்கரில் நிலக்கடலையும் மரவள்ளியும் சாகுபடி செய்கிறேன். ஒல்லியான உடம்பு. சர்க்கரை, பிரஷர் கிடையாது. எங்கள் ஊரில் நடந்த மருத்துவ முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்து, கொலஸ்ட்ரால் அதிகம் என்று அட்டார்வாஸ்டாட்டின் 20 மில்லி கிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் சாப்பிட்டேன். மறுபடி பார்த்ததில் எல்லாம் நார்மல். அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டு, பூண்டும் வரகரிசிச் சோறும் சாப்பிட்டு வருகிறேன். அந்த மாத்திரையைத் தொட்டால் ஆயுசுக்கும் விட முடியாது என்கிறார் பக்கத்துக் காட்டுக்காரர். எனக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. நான் செய்தது சரிதானா? என் அப்பா 52 வயதில் மாரடைப்பில் இறந்தார். இரண்டு ரிப்போர்ட்டின் நகலும் இத்துடன் வைத்திருக்கிறேன்."

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அரூர் வட்டம்.

பதில்: முதலில் எழுதியிருக்க வேண்டிய வரியைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள் ஐயா. அப்பாவோ அண்ணன் தம்பியோ 55 வயதுக்கு முன்பும், அம்மாவோ அக்கா தங்கையோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்புக்கு ஆளாகியிருந்தால், அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்கள் கொலஸ்ட்ராலை மற்றவர்களைவிடக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போனால், உட்கார்ந்ததும் இதைத்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் நிறுத்தியது சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் ரிப்போர்ட்டில் மொத்த கொலஸ்ட்ரால் 252. அதில் கெட்ட கொழுப்பு என்று சொல்கிற எல்.டி.எல். 172, நல்ல கொழுப்பு எச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 210. எல்.டி.எல். 100-க்குக் கீழே இருப்பது நல்லது. 160-ஐத் தாண்டினால் அதிகம். 190-ஐத் தாண்டினால் மிக அதிகம். ஆண்களுக்கு எச்.டி.எல். 40-க்கும், பெண்களுக்கு 50-க்கும் குறையக் கூடாது. டிரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும். ஆக, உங்களுக்கு மூன்றுமே சரியில்லாமல் இருந்திருக்கிறது. இரண்டாவது ரிப்போர்ட்டில் எல்.டி.எல். 98. அதாவது 40 சதவிகிதத்துக்கு மேல் இறங்கியிருக்கிறது. பூண்டும் வரகும் அவ்வளவு தூரம் இறக்காது. அது மாத்திரை செய்த வேலை.

நம் உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. கல்லீரல்தான் அதிகம் தயாரிக்கிறது. அது விஷமும் இல்லை. ஒவ்வொரு செல்லின் சுவருக்கும், சில ஹார்மோன்களுக்கும், பித்தநீருக்கும் அது வேண்டும். தேவைக்கு மேல் ரத்தத்தில் தேங்குவதுதான் வம்பு. சிலருக்குப் பிறவியிலேயே அதை ரத்தத்திலிருந்து திரும்ப எடுக்கிற வேலை மந்தமாக நடக்கும். அவர்கள் ஒல்லியாக இருந்தாலும், நாளெல்லாம் மண்வெட்டி பிடித்தாலும் எல்.டி.எல். ஏறியே இருக்கும். மாத்திரை, கல்லீரலில் நடக்கிற தயாரிப்பைக் குறைக்கிறது. அப்போது கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்தில் இருக்கிற எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழைய அளவு திரும்பிவிடும். நீங்கள் நிறுத்திய பிறகு சோதிக்கவில்லை. சோதித்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

'தொந்தரவு இல்லை' என்ற வார்த்தைதான் என்னைப் பயமுறுத்துகிறது. கொலஸ்ட்ரால் வலிக்காது, மயக்கம் தராது, பசியைக் கெடுக்காது. சொட்டுநீர்க் குழாயில் உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அப்படித்தான் என்று பலரும் சொல்வார்கள். பாதிதான் சரி. உப்பு குழாயின் உள்பக்கத்தில் ஒட்டும். இந்தக் கொழுப்போ ரத்தக் குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்து, வருடக்கணக்கில் கட்டி போலத் திரளும். ஒருநாள் அதன் மேல்தோல் வெடித்தால், அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். அதனால்தான் முதல்நாள் வரை ஏர் ஓட்டியவர் மறுநாள் காலை விழுகிறார். சொட்டுநீர்க் குழாய்க்கு ஆசிட் விட்டுக் கழுவுவதுபோல இதைக் கழுவி எடுக்கிற கஷாயம் எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லி விற்கிறவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பக்கத்துக் காட்டுக்காரர் சொல்வதற்கு வருகிறேன். நீண்ட காலம் சாப்பிட வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஆனால், அது பழக்கத்துக்கு அடிமையாவதால் அல்ல. கல்லீரலின் சுபாவம் மாறாததால். கண்ணாடி போட்டால் எழுத்து தெரிகிறது, கழற்றினால் தெரிவதில்லை. அதற்காகக் கண்ணாடி நம்மை அடிமையாக்கிவிட்டது என்று யாரும் சொல்வதில்லையே!

இந்த மருந்து வந்த கதையை நெல் போடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானில் அகிரா எண்டோ என்று ஒரு விஞ்ஞானி, விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கொலஸ்ட்ரால் தயாரிப்பைத் தடுக்கிற பொருள் ஏதாவது பூஞ்சைகளில் இருக்குமா என்று ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்தார். 1973-இல் கிடைத்தது. எதில் என்றால், கியோட்டோ நகரத்தில் ஒரு தானியக் கடை அரிசியில் வளர்ந்திருந்த பெனிசிலியம் வகைப் பூஞ்சையில்! எதிரி நுண்ணுயிர்களை அடக்கப் பூஞ்சை இப்படி எதையாவது சுரக்கும் என்பது அவர் கணக்கு. நாம் டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழுவுரத்தில் கலந்து போடுவதும் கிட்டத்தட்ட அந்த நம்பிக்கையில்தான். உங்களுக்குக் கொடுத்த அட்டார்வாஸ்டாட்டின் ஆய்வுக்கூடத்தில் தயாரிப்பது. ஆனாலும் அது அந்த வம்சத்து மருந்துதான். எண்டோ 2024-இல், 90 வயதில் காலமானார்.

பக்க விளைவு இல்லாத மருந்து இல்லை. சிலருக்கு தசை வலி வரும். களை வெட்டிய மறுநாள் வருகிற வலியையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வேலையே செய்யாத நாளிலும் இரண்டு தொடை, இரண்டு தோள்பட்டை என்று புதிதாக வலி வந்து போகாமல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார் அல்லது வேறு மாற்றித் தருவார். வலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் அன்றைக்கே போக வேண்டும். சர்க்கரை வரும் விளிம்பில் இருப்பவர்களுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறலாம் என்பதும் உண்மை. அதைச் சோதித்துக்கொண்டே சாப்பிடலாம். மாரடைப்பைத் தடுப்பதில் கிடைக்கிற லாபம் அதைவிடப் பெரிது. கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் சாப்பிடக் கூடாது.

சாப்பாட்டுக்கு வேலையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது; முக்கியமாக உங்கள் டிரைகிளிசரைடுக்கு. அது ஏறுவதற்கு எண்ணெயைவிட மூன்று வேளைச் சோறும், நாளைக்கு ஐந்தாறு சர்க்கரை டீயும், சாராய வகைகளும்தான் பெரும்பாலும் காரணம். வரகு நல்லதுதான், ஆனால் சோறு தின்ற அளவுக்கே வரகையும் தின்றால் பெரிய மாற்றம் இருக்காது. தட்டில் பாதி காய், கால்வாசி பருப்போ பயறோ மீனோ முட்டையோ, மீதிதான் சோறு என்று மாற்றிப் பாருங்கள். மரவள்ளிக் கிழங்கும் சோற்றுக் கணக்கில்தான் சேரும். கொள்ளு, தட்டைப்பயறு, அவரை, வெண்டை, கொய்யா இவற்றில் உள்ள நார்ச்சத்து எல்.டி.எல்.லையும் கொஞ்சம் இறக்கும். எல்லாம் உங்கள் காட்டிலேயே விளைவதுதான்.

'காட்டு வேலை செய்கிறேனே' என்பார்கள். நம் தாத்தா செய்த வேலை வேறு. இன்றைக்கு உழவுக்கு டிராக்டர், காட்டுக்குப் போக பைக், மோட்டார் போடக்கூட செல்போன்! வேலை இல்லாத மாதங்களில் தினமும் அரைமணி நேரம் வேகமாக நடக்க வேண்டியிருக்கிறது.

பீடி, சிகரெட் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இல்லையென்றால் மகிழ்ச்சி. இருந்தால், முதலில் விட வேண்டியது அதுதான்.

முகாமில் கொடுத்த மிச்ச மாத்திரையை நீங்களாக எடுத்துப் போட ஆரம்பிக்காமல், இந்த வாரமே இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. மாத்திரை மறுபடி தொடங்கினால் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஒரு சோதனை, பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு போதும்.

இன்னொன்று. நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை என்று வந்தால், வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள். நீங்கள் நிறுத்திய அட்டார்வாஸ்டாட்டினும் அதில் ஒன்று.

கேள்வி: "செக்கு எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை என்று எழுதி விற்கிறார்கள். நாங்கள் எங்கள் தோப்புத் தேங்காயை ஆட்டித்தான் சமைக்கிறோம். எனக்கு எல்.டி.எல். 164 வந்திருக்கிறது. எண்ணெயை மாற்ற வேண்டுமா? முட்டையையும் நிறுத்தச் சொல்கிறார்கள்."

- வாசகி, பேராவூரணி.

பதில்: செக்கு எண்ணெயில் மட்டுமல்ல அம்மா, செடி கொடி மரத்திலிருந்து வருகிற எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருப்பதாகச் சொல்ல முடியாது. பொய் இல்லை, ஆனால் பாதி உண்மை. பார்க்க வேண்டியது அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பை. கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை எடுக்கிற வேகத்தை அதுதான் குறைக்கிறது. நல்லெண்ணெயில் அது சுமார் 15 சதவிகிதம், கடலை எண்ணெயில் 20-க்குள், ரேஷனில் தருகிற பாமாயிலில் 40-க்கு மேல், நெய்யில் 60-க்கு மேல், தேங்காய் எண்ணெயில் 90-க்குப் பக்கம். செக்கில் ஆட்டினாலும் மில்லில் ஆட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. தென்னை விவசாயிகள் படிக்கிற பத்திரிகையில் இப்படி எழுத எனக்கும் சங்கடம்தான். ஆனால், 164 வந்த ஒருவரிடம் வேறு மாதிரி சொல்ல முடியாது. தினசரித் தாளிப்புக்கும் குழம்புக்கும் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வைத்துக்கொண்டு, தேங்காய் எண்ணெயை என்றைக்காவது ஒருநாள் என்று ஆக்குங்கள். சட்னிக்கும் கூட்டுக்கும் கொஞ்சம் தேங்காய்த் துருவல் போடுவதில் தவறில்லை.

எந்த எண்ணெயானாலும் ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டரை ஒட்டியே இருக்கட்டும். பாமாயில்தான் கட்டுப்படியாகும் என்கிற வீடுகளில் அளவைக் குறைப்பதே வழி. வடை சுட்ட எண்ணெயை எடுத்து வைத்து மறுபடி மறுபடி காய்ச்ச வேண்டாம்.

முட்டை மஞ்சள் கருவில் கொலஸ்ட்ரால் 200 மில்லி கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. ஆனாலும் சாப்பாட்டிலிருந்து வரும் கொலஸ்ட்ரால் பெரும்பாலானவர்களின் ரத்த அளவைச் சிறிதளவே ஏற்றுகிறது. சர்க்கரை நோய், இதய நோய் இல்லாதவர் நாளைக்கு ஒன்று சாப்பிடலாம். பிள்ளைகளுக்கு நிறுத்தவே வேண்டாம். வீட்டுக் கோழி முட்டையை எல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைகளுக்குப் பாக்கெட் நொறுக்குத்தீனி வாங்கித் தருகிற வீடுகளைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

உங்கள் வயதை எழுதவில்லை. மாதவிலக்கு நின்றுவிட்டதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதன் பிறகு பெண்களுக்கு எல்.டி.எல். ஏறுவது சகஜம். தைராய்டு குறைந்தாலும் ஏறும். அந்தச் சோதனையையும் சேர்த்தே செய்துகொள்ளுங்கள்.