இன்னொரு பூமியா? அவசரப்படாதீர்கள்!

"இன்னொரு பூமி கிடைத்துவிட்டது!"

2011-ம் வருடம் டிசம்பர் மாதம் இப்படி ஒரு பேச்சு உலகம் முழுவதும் பரவியது. அங்கே கடல் இருக்குமா? உயிர்கள் இருக்குமா? நாம் அங்கே குடியேற முடியுமா? இப்படியெல்லாம் ஜனங்கள் பேசிக் கொண்டார்கள்.

அந்தக் கிரகத்தின் பெயர் கெப்ளர் 22 பி.

அது உண்மையில் இன்னொரு பூமிதானா? அப்படிச் சொல்ல ஆதாரம் எதுவும் கிடையாது. பிறகு அந்தப் பேச்சு எப்படிக் கிளம்பியது? பத்திரிகை படிக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எவ்வளவு தூரம்?

நம் சூரியனும் ஒரு நட்சத்திரம்தான். அதைப் போன்ற இன்னொரு நட்சத்திரத்தைக் கெப்ளர் 22 பி சுற்றி வருகிறது. அந்த நட்சத்திரம் நம் சூரியனை விடச் சற்றுச் சிறியது; சூடும் சற்றுக் குறைவு.

அங்கிருந்து புறப்படும் ஒளி நம்மை வந்து சேர 600 வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஒளியோ ஒரு வினாடிக்கு 3 லட்சம் கிலோ மீட்டர் ஓடும்!

1977-ல் அமெரிக்கா அனுப்பிய வாயேஜர் 1 என்ற விண்கலம் வினாடிக்குச் சுமார் 17 கிலோ மீட்டர் வேகத்தில் போய்க் கொண்டிருக்கிறது. அதே வேகத்தில் கெப்ளர் 22 பி-க்குப் புறப்பட்டால், போய்ச் சேர ஒரு கோடி வருடங்களுக்கு மேல் ஆகும். குடியேறும் பேச்சை இத்துடன் விட்டுவிடலாம்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இந்தக் கிரகத்தை எவரும் கண்ணால் பார்த்ததில்லை. அது தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போகும்போது, நட்சத்திரத்தின் ஒளி சிறிது மங்குகிறது. எவ்வளவு தெரியுமா? 2,000 பங்கில் ஒரு பங்கு! 2,000 விளக்குகள் எரியும் திருவிழாப் பந்தலில் ஒரே ஒரு விளக்கை அணைத்தால் யாருக்குத் தெரியும்? அதைக் கண்டுகொண்டது கெப்ளர் என்ற டெலஸ்கோப். நாசா அதை 2009 மார்ச் மாதம் விண்வெளிக்கு அனுப்பியது.

அந்த டெலஸ்கோப் வேண்டும் என்று போராடியவர் வில்லியம் போரூக்கி என்ற விஞ்ஞானி. அவருடைய திட்டம் நான்கு முறை தள்ளப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. 2001-ல் அனுமதி கிடைத்தது.

2009 மே மாதம் அந்த நட்சத்திரத்தின் ஒளி முதல் தடவை மங்கியது. ஒரு தடவை மங்கியதை வைத்து விஞ்ஞானிகள் கிரகம் என்று அறிவித்துவிடவில்லை. காத்திருந்தார்கள். சுமார் 290 நாட்கள் கழித்து மீண்டும் மங்கியது. இன்னும் 290 நாட்கள் கழித்து, 2010 டிசம்பரில், மூன்றாம் தடவை மங்கியது. அதன் பிறகும் ஒரு வருடம் சோதித்துப் பார்த்த பிறகே உலகத்துக்கு அறிவித்தார்கள்.

"இருந்தால்" எங்கே போயிற்று?

விஞ்ஞானிகள் சொன்னது இதுதான்: "பூமியில் உள்ளது போன்ற காற்று மண்டலம் அங்கே இருந்தால், வெப்பம் சுமார் 22 டிகிரியாக இருக்கலாம்."

ஊர் ஊராகச் செய்தி பரவியபோது, "இருந்தால்" என்ற சொல் வழியிலேயே தொலைந்து போயிற்று! 22 டிகிரி மட்டும் மிஞ்சியது. உடனே குளுகுளு மலைவாசஸ்தலம் போல ஓர் உலகம் ஜனங்களின் மனத்தில் தோன்றிவிட்டது.

நம் பக்கத்தில் இருக்கும் வெள்ளிக் கிரகத்தைப் பாருங்கள். பருமனில் அது ஏறக்குறைய பூமியேதான். ஆனால் அதைப் போர்த்தியிருக்கும் கனத்த கரியமில வாயு காரணமாக, அங்கே வெப்பம் 460 டிகிரிக்கு மேல். ஈயம் உருகி ஓடும்! காற்று மண்டலம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் ஒரு கிரகத்தை "இன்னொரு பூமி" என்று சொல்வது, ஊரே தெரியாமல் பெண் பார்த்த கதைதான்.

குட்டி நெப்டியூன்

கெப்ளர் 22 பி-யின் குறுக்களவு பூமியைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். நமது நெப்டியூன் கிரகமோ பூமியைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இத்தகைய கிரகங்களைக் "குட்டி நெப்டியூன்" என்று சொல்கிறார்கள். இந்த அளவுள்ள கிரகங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கனத்த வாயுப் போர்வையோ, ஆழங்காண முடியாத நீரோ இருக்கக்கூடும். கால் ஊன்றி நிற்கத் தரை இருப்பது சந்தேகம்.

இதில் ஓர் அதிசயம் உண்டு. கெப்ளர் டெலஸ்கோப் 2018-ல் ஓய்வு பெறும் வரை 2,600-க்கு மேற்பட்ட கிரகங்களைக் காட்டிக் கொடுத்தது. அவற்றில் மிகுதியானவை பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட பருமன் உள்ளவை. நம் சூரியனைச் சுற்றுவதில் அப்படி ஒன்றுகூட இல்லை! நம் குடும்பம் போலத்தான் உலகத்தில் எல்லாக் குடும்பமும் இருக்கும் என்று நினைத்திருந்தோம். அது தவறு என்று தெரிந்தது. கெப்ளர் 22 பி போன்ற கிரகங்கள் நமக்குத் தந்த பெரிய பாடம் இதுவே. அதற்கு "இன்னொரு பூமி" என்ற பொய்ப் பட்டம் தேவையில்லை.

படிப்பவர் கடமை

மூன்று தடவை பார்க்கும் வரை விஞ்ஞானிகள் வாய் திறக்கவில்லை. அந்தப் பொறுமை செய்தி சொல்கிறவர்களுக்கும் வேண்டும், படிக்கிறவர்களுக்கும் வேண்டும்.

நட்சத்திரத்தைப் பற்றிய செய்தி ஆனாலும், நோய்க்கு மருந்து கிடைத்தது என்ற செய்தி ஆனாலும், தலைப்போடு நின்றுவிடாதீர்கள். உள்ளே போய்ப் படியுங்கள். "இருந்தால்", "இருக்கலாம்" என்ற சொற்கள் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். வீட்டில் குழந்தைகளுக்கும் இந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொரு பூமி இருக்கிறது என்ற நினைப்பில், இந்தப் பூமியின் ஆற்றையும் காற்றையும் கெடுத்துவிட்டு நாம் ஓடிப் போக இடம் கிடையாது. நமக்குத் தெரிந்தவரை, மனிதன் மூச்சு விட்டு வாழக்கூடிய உலகம் இது ஒன்றுதான். இதைக் காப்பாற்றுவோம்!