வெண்பாவின் சிதைந்த ஏடும் நம் கையிலுள்ள வழிகாட்டியும்

வீடியோ கேம் ஆடும்போது வழிகாட்டியைப் பார்க்கலாமா, கூடாதா? காரியவட்டம் வளாகத்தில் ஆய்வு மாணவர்கள் கூடும் இடங்களில் அண்மைக் காலமாக இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. பொழுதுபோக்கைப் பற்றிய சில்லறைக் கேள்வி என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. வீடியோ கேமை ஒரு பனுவலாகக் கொண்டு கட்டுரை எழுத விரும்பும் மாணவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் ஆட்டத்தை ஆடுவதே இல்லை. வேறொருவர் ஆடி முடித்து யூடியூபில் ஏற்றிய பதிவைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்குகிறார்கள். ஆகவே இது நம் ஆய்வு முறையைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழிகாட்டி விலக்கப்பட வேண்டியதன்று; ஆனால் அது முதலில் வரக் கூடாது. ஆடுபவர் தாமாக ஓர் ஊகத்தை உருவாக்கி, அது தோற்றுப்போன இடத்தில்தான் வழிகாட்டிக்கு வேலை தொடங்குகிறது.

இதற்கு நம் மொழியிலேயே நல்ல சான்று ஒன்று இருக்கிறது. டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’ என்னும் ஆட்டத்தைச் சொல்கிறேன். 1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின் ஆகியோரின் கதை அது. 2024இல் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதைப் பெற்றது. ஆடி முடிக்க இரண்டு மணி நேரம் போதும்.

ஆட்டத்தின் மையத்தில் இருப்பது தாய் கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு. கடல் கடந்து வந்த அந்த ஏடு சிதைந்திருக்கிறது. சில வரிகள் அழிந்துள்ளன, சில பக்கங்கள் கிழிந்துள்ளன. எஞ்சிய சொற்களையும் படங்களையும் கொண்டு, விடுபட்ட படிநிலை எதுவாக இருக்கும் என்று ஆடுபவரே ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது முதலில் வரும் சிக்கல்களுள் ஒன்று. மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிக்கு நேர் மேலே வராமல் மாற்றி அடுக்கினால்தான் மாவு உப்புவதற்கு இடமும் ஆவி ஏறுவதற்கு வழியும் கிடைக்கும் என்பதை அடுப்படியில் நின்றவர்கள் அறிவார்கள். புட்டும் வருகிறது. திருவனந்தபுரத்தில் வாழ்பவர்களுக்கு அதில் வழிகாட்டியே வேண்டியதில்லை. புட்டுக்குழலின் அடியில் துளையிட்ட சில்லை இடாமல் மாவை நிரப்பினால் என்ன ஆகும் என்பது இங்குள்ள எல்லா வீடுகளுக்கும் தெரிந்ததே.

இந்த ஆட்டத்துக்கான முழு விடைகளும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்து ஆடினால் ஒரு தவறும் நேராது. ஆனால் ஆட்டமும் நேராது. அழிந்த வரிக்கு முன் தயங்கி நின்று, ‘அம்மா இந்த இடத்தில் என்ன செய்திருப்பாள்?’ என்று நினைப்பதுதான் வெண்பாவின் நிலை. புலம்பெயர்வின் இழப்பை அந்த ஆட்டம் வசனத்தால் மட்டும் சொல்லவில்லை. ஆடுபவரின் கையில் ஓட்டை விழுந்த ஓர் ஏட்டைக் கொடுத்துச் சொல்கிறது. பின்னொரு பகுதியில், தமிழை முழுமையாகப் படிக்க வராத கவின் அதே ஏட்டைத் திறக்கும்போது அந்த இழப்பு இன்னொரு தலைமுறைக்கு இறங்குகிறது. விடையை முன்னரே அறிந்தவருக்கு அந்த ஓட்டை அடைபட்டே கிடைக்கிறது. அவர் பார்ப்பது சமையல் செய்முறை மட்டுமே.

தமிழ் ஆய்வு மாணவர்களுக்குச் சிதைந்த ஏடு புதிய பொருளன்று. நம் வளாகத்திலேயே ஓலைச்சுவடிகளுக்கென்று பெரிய நூலகம் ஒன்று இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த வரலாற்றை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அவரிடம் நச்சினார்க்கினியர் உரை இருந்தது. ஆயினும் சமண சமயச் செய்திகள் பல அவருக்கு விளங்கவில்லை. அப்போது அவர் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்று கேட்டார். அவர் உதவி கேட்டதில் இழிவு ஒன்றும் இல்லை. மூலத்தோடு மோதி, இன்ன சொல் விளங்கவில்லை, இன்ன வழக்கம் தெரியவில்லை என்று அறிந்த பிறகு கேட்டார். அதனால்தான் கிடைத்த விடையை அவரால் எடைபோட முடிந்தது.

உரைநூல்களை நாம் அச்சிடும் முறையும் இதையே சொல்கிறது. மூலம் முன், உரை பின். ஒரே குறளுக்குப் பரிமேலழகர் ஒரு பொருளும் மணக்குடவர் வேறொரு பொருளும் கூறும் இடங்கள் உண்டு. குறளைத் தாமே படித்துத் தமக்கென ஓர் எண்ணத்தோடு வருபவருக்கு அந்த வேறுபாடு ஒரு விவாதம். உரையிலிருந்தே தொடங்குபவருக்கு அது வெறும் குழப்பம். வகுப்பில் மூலத்தைப் புரட்டாமல் கோனார் உரையோடு தேர்வெழுதிப் பழகிய நமக்கு, ஆட்டத்தைத் தொடாமல் யூடியூப் பதிவோடு கட்டுரை எழுதுவது இயல்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை. பழக்கம் ஒன்றுதான், பண்டம் மட்டுமே மாறியிருக்கிறது.

இதற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். மூன்றும் வலுவானவை.

முதலாவது, எல்லா ஆட்டங்களும் தனியொருவரின் ஊகத்துக்காக அமைக்கப்பட்டவை அல்ல. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1984இல் வெளியிட்ட ‘டவர் ஆஃப் ட்ருவாகா’வில் அறுபது தளங்கள். மறைந்திருக்கும் பொருள்களை எப்படி வெளிக்கொணர்வது என்பதை ஆட்டம் சொல்வதில்லை. ஆட்டக்கூடங்களில் ஆடியவர்கள் தாம் கண்டறிந்ததைப் பொதுக் குறிப்பேடுகளில் எழுதிப் பிறரோடு பகிர்ந்துகொண்டார்கள். அங்கே குறிப்பைப் பார்ப்பதும் ஆட்டத்தின் பகுதியே. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறிப்பேட்டில் படித்தவர்களே எழுதவும் செய்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, சில தடைகளுக்குப் பொருள் இல்லை. கைவிரல் வேகத்தைச் சோதிக்கும் ஓர் இடம் உடற்குறையுள்ளவரைக் கதையின் மறுபாதியிலிருந்தே விலக்கிவிடலாம். வீட்டு வேலைகளுக்கும் பாடவேளைகளுக்கும் இடையில் ஒரு மணி நேரம் ஒதுக்கும் ஆய்வாளரிடம், ஒரே சண்டையை நாற்பது முறை ஆடு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அத்தகைய இடங்களில் வழிகாட்டி ஓர் ஊன்றுகோல். ஊன்றுகோலை ஏமாற்று என்று அழைப்பது கொடுமை.

மூன்றாவது, பணம். உதவித்தொகை மாதக்கணக்கில் வராத மாணவரிடம் ஆட்டக் கருவியை வாங்கிவந்து ஆய்வு செய் என்று சொல்வது நியாயமாகாது. யூடியூப் பதிவு பலருக்கு ஒரே வழியாக இருக்கிறது. இதற்குத் தீர்வு மாணவரைக் கடிவதன்று. நூல்களை வாங்கும் துறை நூலகங்கள், ஆட்டங்களையும் அவற்றை ஆடுவதற்கான ஒரு கருவியையும் வாங்கிவைக்கலாம்.

இவற்றை ஏற்றபின்னும் என் வாதம் நிற்கிறது என்றே கருதுகிறேன். தடை எதற்காக இருக்கிறது என்பதே அளவுகோல். வெண்பாவில் தடை என்பதே கதை. அதை வழிகாட்டியால் தாண்டுபவர் கதையையும் தாண்டிப் போய்விடுகிறார். வேறோர் ஆட்டத்தில் தடை வெறும் வேலியாக இருக்கலாம். எது வேலி, எது கதை என்பதைச் சிறிது தூரமாவது ஆடிப் பார்த்தவர் மட்டுமே பிரித்தறிய முடியும். வழிகாட்டி எழுதியவருக்கு இரண்டும் ஒன்றே. அவர் நோக்கம் நம்மை மறுகரை சேர்ப்பது மட்டும்.

எனவே, ஆட்டங்களைப் பற்றி எழுதும் மாணவ நண்பர்களுக்கு ஒரு முன்மொழிவு. சுவடிப் பதிப்பாசிரியர் தாம் பயன்படுத்திய ஏடுகள் எவை, எந்த ஏட்டில் எந்தப் பகுதி சிதைந்திருந்தது என்று முன்னுரையில் குறிப்பிடுவார். அதுபோல, எந்தக் கருவியில் எந்தப் பதிப்பை ஆடினீர்கள், எவ்வளவு தூரம் நீங்களே ஆடினீர்கள், எந்த இடத்தில் ஏன் வழிகாட்டியைப் பார்த்தீர்கள், எதைப் பதிவில் மட்டும் கண்டீர்கள் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்தில் நான்கு வரிகளில் எழுதிவிடுங்கள். நெறியாளர்களும் அதைக் கேட்டுப் பெற வேண்டும். சிக்கிய இடங்களின் பட்டியல் வெட்கப்பட வேண்டியதன்று. பல நேரங்களில் கட்டுரைக்கான நல்ல கேள்விகள் அங்கேதான் இருக்கும்.

மாற்றுக் கருத்துடையோர் எழுதுக. குறிப்பாக, ஆடாமலே நல்ல ஆய்வு செய்ய முடியும் என்று கருதுவோரின் வாதங்களை அறிய ஆவலாக இருக்கிறேன்.