காட்டுப்பன்றியும் உழவரின் இழப்பும்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்த் தொழிலாளர் பலருக்கு மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இன்னமும் ஊரும் உறவும் உண்டு. அங்கே நிலக்கடலையோ மரவள்ளியோ மக்காச்சோளமோ, எதை விதைத்தாலும் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் கிளறி அழித்துவிடுகின்றன.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி, ஒரு விலங்கைத் தீங்குயிரி என அறிவிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசிடமே உள்ளது. பீகாருக்கும் உத்தரகண்டுக்கும் அந்த அறிவிப்பை வழங்கிய அதே அரசு, கேரளத்தின் கோரிக்கையை நிராகரித்தது. ஆகவே 2022இல் கேரள இடதுசாரி அரசு, சுட உத்தரவிடும் பொறுப்பை உள்ளாட்சித் தலைவர்களிடம் ஒப்படைத்தது. தமிழ்நாடோ 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடுவதற்கு வழிசெய்தது.

துப்பாக்கி மட்டுமே தீர்வாகாது. வேட்டை செல்வந்தரின் பொழுதுபோக்காகவும் ஆகிவிடக் கூடாது. ஆயினும் சட்டவழி அடைபடும்போது கள்ள மின்வேலியும் வெடிகாயும் பெருகும். 2020இல் பாலக்காட்டில் கருவுற்ற யானை மாண்டது அத்தகைய வெடியால்தான். மின்வேலியில் சிக்கி உழவரும் கூலித் தொழிலாளரும் மடிகின்றனர்.

2026 காரீப் பருவம் முதல் வனவிலங்குச் சேதத்தையும் பயிர்க் காப்பீட்டில் சேர்க்க ஒன்றிய அரசு இசைந்துள்ளது. ஆனால் 72 மணி நேரத்துக்குள் செயலியில் பதிய வேண்டுமாம். வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோர் எந்த ஆவணத்தைக் காட்டுவர்?

முடிவெடுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு வேண்டும். இழப்பீடு, பட்டா எவர் பெயரில் இருப்பினும், உழுதவர் கைக்கே சேர வேண்டும். இவ்விரு கோரிக்கைகளையும் விவசாயிகள் சங்கத்தோடு இணைந்து ஊர்தோறும் எடுத்துச் செல்வது நம் கடமை.